பட்டாவும் பாதையும்: சில குறிப்புகள்

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய், நாற்காலி எதுவும் போதாத கூட்டம். அக்கா மகன் மட்டும் சுவரோரம் சாய்ந்து, காதில் இயர்போனும் கையில் போனுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, இந்தியா ஆடுது, நீ எதைப் பாக்கறே?"

"இதுவும் உலகக் கோப்பைதான் மாமா. சியோல்ல நடக்குது. நடுவுல கண்ணாடி போட்டிருக்காரு பாருங்க, அவருக்கு 27 வயசு. இந்த ஆட்டத்துல அது பெரிய வயசு. ஏழு வருஷமா இந்தக் கோப்பைக்குக் காத்திருக்காரு."

இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கோச்சோக் ஸ்கை டோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் மைதானம். நடுவில் மேடை, மேடையில் எதிரெதிரே ஐந்தைந்து பேர், சுற்றிலும் இருக்கை ஒன்றுகூடக் காலியில்லாத கூட்டம். மாலை ஆவதற்குள் டி1 அணி சீனாவின் வெய்போ கேமிங்கை 3-0 என்று வென்றது. இரவு அகமதாபாத்தில் நாம் தோற்றோம். வீடே சோர்ந்து கிடந்தது. அவன் மட்டும் மகிழ்ச்சியை வெளியே காட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

அன்று தொடங்கி ஒரு நோட்டில் எழுதிவந்தவை இவை. வரிசையாக இல்லை. தோன்றியபோது எழுதியது.

*

கண்ணாடிக்காரரின் பெயர் லீ சாங் ஹ்யொக். ஆட்டப் பெயர் ஃபேக்கர். பிறந்தது 1996. 2013-இல் எஸ்கே டெலிகாம் டி1 அணியில் சேர்ந்தபோது வயது 16. அந்த ஆண்டே லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகக் கோப்பையை வென்றார். பிறகு 2015, 2016. அதன்பின் நீண்ட வறட்சி. 2023-இல் நான் பார்த்தது நான்காவது கோப்பை. 2024-இல் லண்டனிலும் 2025-இல் செங்டுவிலும் இன்னும் இரண்டு. ஆறு கோப்பைகளும் ஒரே அணிக்காக. ஆட்டக்காரர்கள் வருடத்துக்கு ஓர் அணி மாறும் துறையில் இது அபூர்வம்.

*

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரைபடம். சதுரமான களம். எதிரெதிர் மூலைகளில் இரு கோட்டைகள். அவற்றை இணைக்க மூன்று பாதைகள், பாதைகளுக்கு நடுவே காடு. எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் மையக் கல்லை உடைத்தால் வெற்றி. அரை மணி நேரம் ஓடும். தேர்ந்தெடுக்க 160-க்கும் மேற்பட்ட வீரப் பாத்திரங்கள். ஆட்டம் தொடங்குமுன் இரு அணியும் ஐந்து பாத்திரங்களை ஒதுக்கச் சொல்லும், ஐந்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். எதிரி எதை விரும்புவான், எதை மறைப்பான் என்று கணக்கிடும் அந்தப் பத்து நிமிடத்திலேயே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடும். தாயக்கட்டையை உருட்டுவதற்கு முன்பே காய்களைப் பேரம் பேசுவதுபோல என்று அம்மாவிடம் சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டாள்.

*

டி1 என்ற பெயரின் வேர் வேறோர் ஆட்டத்தில் இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட்டை வெளியிட்டது. கொரியா அப்போது பொருளாதாரச் சரிவின் நடுவில் இருந்தது. 1997-இல் பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குப் போயிருந்தார்கள். வேலை இழந்தவர்களில் பலர் கையிருப்பைப் போட்டு 'பிசி பாங்' என்னும் கணினி அறைகளைத் திறந்தார்கள். அரசு அகலப்பட்டை இணையத்தை வேகமாகப் பரப்பியது. வாலிபர்களிடம் நேரம் இருந்தது, காசு இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சில்லறை கொடுத்தால் ஆடலாம். 2000-இல் ஆட்டத்துக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. அதே ஆண்டில் கெஸ்பா என்னும் கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கமும் வந்தது.

2004-இல் லிம் யோ ஹ்வான் என்ற ஆட்டக்காரரைச் சுற்றி எஸ்கே டெலிகாம் ஓர் அணி கட்டியது. அதுதான் டி1. அந்த ஜூலை 17 அன்று பூசான் நகரத்தின் குவாங்கல்லி கடற்கரையில் ஸ்டார்கிராஃப்ட் அணிகள் மோதும் புரோலீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. மணலில் மேடை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒரு லட்சம் என்று அன்றைய செய்திகள் சொல்லின. இரண்டு பேர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு லட்சம் பேர். டி1 அன்று 4-3 என்று தோற்றது.

*

எங்கள் ஊரில் அதே காலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பையன்கள் கவுன்ட்டர்-ஸ்டிரைக் ஆடுவார்கள். அவர்களில் ஒருவன் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளை அடிப்பான். ஐந்து பேர் எதிரே வந்தாலும் அசரமாட்டான். பிறகு திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கைக்கும் காதுக்கும் ஊரில் பேர் இருந்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோக எந்த வழியும் இருக்கவில்லை. அப்பாக்கள் ஷட்டரைத் தட்டி இழுத்துக்கொண்டு போனதுதான் நடந்தது. அப்பாக்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒரு குவாங்கல்லி இல்லை.

*

ஸ்டார்கிராஃப்ட்டில் எனக்கு மிகப் பிடித்த வழக்கம்: முடிவை அறிவிப்பவர் நடுவர் இல்லை. தோற்பவர். இனி மீள முடியாது என்று தெரிந்த கணத்தில் அவர் இரண்டு எழுத்தைத் தட்டுவார், 'ஜிஜி' என்று. நல்ல ஆட்டம் என்று பொருள். தட்டிவிட்டு வெளியேறினால் ஆட்டம் முடிந்தது. எப்போது தட்டுவது என்பதில் ஒருவரின் குணம் தெரியும். சீக்கிரம் தட்டினால் கோழைத்தனம். எல்லாம் போனபிறகும் தட்டாமல் இழுத்தால் எதிராளிக்கு மரியாதைக் குறைவு. சரியான நேரத்தில் தோல்வியைத் தன் கையால் எழுதுவதற்கும் பயிற்சி வேண்டும்.

*

லிம்முக்கு எதிரி ஹோங் ஜின் ஹோ. இருவர் பெயரிலிருந்தும் ஓர் எழுத்தெடுத்து, பழைய இம்ஜின் போரின் வரலாற்று நூல்போல அவர்கள் மோதலுக்கு 'இம்ஜின்ரோக்' என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். 2004 நவம்பரில் ஒரு அரையிறுதி. ஐந்தில் மூன்று வென்றால் போதும். லிம் மூன்று ஆட்டத்திலும் ஒரே உத்தியை, தொடக்கத்திலேயே எதிரி வாசலில் பதுங்கு குழி கட்டித் தாக்கும் உத்தியை, திரும்பத் திரும்பச் செய்து 3-0 என்று முடித்தார். வறுத்த கோழிக்குச் சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கோழி வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஹோங்குக்குப் பெரிய தனிநபர் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. எப்போதும் இரண்டாமிடம். 2 என்ற எண்ணே கொரியாவில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

2006-இல் லிம் கட்டாய ராணுவப் பணிக்குப் போனார். மறு ஆண்டு கொரிய விமானப்படை தனக்கென்று ஒரு ஸ்டார்கிராஃப்ட் அணியைத் தொடங்கியது. சீருடையில் வந்து புரோலீக்கில் ஆடுவார்கள். பெரும்பாலும் கடைசி இடம்தான். ஹோங்கும் அந்த அணிக்குப் போனார். 2009 ஜூன் 20 அன்று, அப்போது உச்சத்தில் இருந்த கிம் டேக் யோங்கை அவர் வென்றார். புரோலீக்கில் அது 735 நாட்களுக்குப் பிறகு வந்த ஒரு வெற்றி. கோப்பையே கிடைத்துவிட்டதுபோல அரங்கம் ஆரவாரித்தது. ஒரு வெற்றிக்கு 735 நாள் எண்ணிக்கொண்டிருந்த ரசிகர்களை எந்த விளம்பரமும் உண்டாக்க முடியாது.

*

கை.

கொரிய ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300-க்கு மேல் செயல்கள் செய்வார்கள். ஒரு விநாடிக்கு ஐந்து. மேளக்காரர் விரல்போல இடது கை விசைப்பலகையில் ஓடும். வலது கை மவுஸைச் சுண்டும். அணி வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தங்கி, ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி. மேடைக்கு வராமல், மேடைக்குப் போகிறவனுக்கு எதிரியாக நடித்துக் கொடுப்பதற்கென்றே வருடக்கணக்கில் அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

ஃபிளாஷ் என்று அழைக்கப்பட்ட லீ யங் ஹோ, அந்த ஆட்டம் கண்ட மிகச் சிறந்தவர் எனப் பலரும் ஒப்புக்கொள்பவர், 2011-இல் கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்போது அவருக்கு இருபதுகூட நிரம்பவில்லை. 2023 கோடையில் ஃபேக்கருக்கும் கைவலி. நான்கு வாரம் ஒதுங்கி இருந்தார். அவர் இல்லாத எட்டுப் போட்டிகளில் டி1 வென்றது ஒன்றே ஒன்று. அந்த நாற்காலியில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்த இளைஞரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எட்டுப் போட்டியும் உட்கார்ந்தார். ஓடிப்போகவில்லை.

உட்கார்ந்து ஆடுவது எப்படி விளையாட்டாகும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கைகளைக் காட்டத்தான் தோன்றுகிறது.

*

இப்போது பட்டா விஷயம்.

கபடிக்கு உரிமையாளர் யாரும் இல்லை. கோடு கிழித்தால் களம். கால்பந்துக்குச் சங்கங்கள் உண்டு, ஆனால் பந்தை உதைப்பதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம். இ-ஸ்போர்ட்ஸ் அப்படி இல்லை. களம், பந்து, விதி, புவியீர்ப்பு எல்லாமே ஒரு நிறுவனத்தின் சொத்து. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தம் வரும். நேற்று வரை வலுவாயிருந்த பாத்திரம் இன்று நோஞ்சான். ஒரு வருட உழைப்பு ஓர் இரவில் பழசாகும். அதற்கேற்ப மாறிக்கொள்வதும் திறமையின் பகுதிதான் என்று ஆட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆனால் களமே கைமாறும்போது? கொரியாவில் அது நடந்தது. கெஸ்பாவும் தொலைக்காட்சிகளும் பத்து ஆண்டாக ஸ்டார்கிராஃப்ட் லீக்குகளை நடத்தி வளர்த்தார்கள். ஒளிபரப்பு உரிமையைக் கெஸ்பா விற்றது. பிளிஸார்ட் நிறுவனம் "ஆட்டம் எங்களுடையது" என்றது. 2010-இல் வேறொரு கொரிய நிறுவனத்துக்கு உரிமையைக் கொடுத்தது. வழக்கும் தொடுத்தது. ஒரு தரப்புக்கு இது இத்தனை பேர் கூடி வளர்த்த பொதுச்சொத்து. மறு தரப்புக்கு இது தாங்கள் எழுதிய நிரல். 2011 மே மாதம் சமரசம் ஆனது. அதற்குள் நிறைய வாடிவிட்டது. ஆட்டத்துக்கென்றிருந்த இரண்டு அலைவரிசைகளில் ஒன்று 2012 தொடக்கத்தில் இசை அலைவரிசையாக மாறியது. அந்த ஆண்டே பழைய ஸ்டார்கிராஃப்ட்டின் பெரிய தொலைக்காட்சி லீக்குகளும் முடிந்தன. 2016 அக்டோபரில் புரோலீக்கையே மூடினார்கள். அப்போது அதற்கு 14 வயது.

நிலம் ஒருவர் பெயரில். அதில் நடந்து நடந்து தடம் போட்டவர்கள் வேறு பேர். இந்தத் துறையின் எல்லாத் துயரமும் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

*

களத்துக்கு உள்ளிருந்தும் கேடு வந்தது. 2010-இல் சூதாட்டக்காரர்களுக்காக ஆட்டத்தை விற்றதாகக் கொரியாவில் 11 ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பெயர்கள் பதிவிலிருந்தே நீக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் ரசிகர்கள் தெய்வம்போலக் கொண்டாடியவர். குறைந்த சம்பளம், குறுகிய ஆயுள், எதிர்காலம் தெரியாத வாழ்க்கை என்று காரணம் தேடலாம். ஆனாலும் 'ஜிஜி' என்று தட்டிய ஒரு கை பொய்யாகத் தட்டியிருக்கிறது என்பதை அந்த ரசிகர்கள் எப்படித் தாங்கியிருப்பார்கள்.

*

பட்டாக்காரர்கள் எழுதிய ஆட்டங்களில் எத்தனை உண்மையில் ஆட்டக்காரர்கள் வெட்டிய கிணறு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கவுன்ட்டர்-ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தின்மேல் இரண்டு இளைஞர்கள் பொழுதுபோக்காகக் கட்டியது. டோட்டா, வார்கிராஃப்ட் 3-இன் வரைபடக் கருவியை வைத்து ரசிகர்கள் உருவாக்கியது. கைமாறிக் கைமாறி, ஊர் பேர் சொல்லாத பலர் திருத்தி வளர்த்தார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அந்த டோட்டாவின் கிளை. ஃபேக்கர் நிற்கும் மேடையின் அடித்தளத்தில் சம்பளம் வாங்காமல் உழைத்த ரசிகர்களின் இரவுகள் இருக்கின்றன.

*

ஷாங்காய் டிராகன்ஸ். இந்தப் பெயரை மறக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

2018-இல் ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டத்துக்கான லீக் தொடங்கியது. ஓர் அணிக்கு நுழைவுத்தொகை 2 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. முதல் பருவத்தில் ஷாங்காய் அணி 40 போட்டி ஆடியது. நாற்பதிலும் தோல்வி. பருவத்தின் நடுவில் அந்த அணியில் சேர்ந்தவர் கெகுரி என்னும் கிம் சே யோன், லீக்கின் முதல் பெண். அவருக்கு முன்கதை உண்டு. 2016-இல், 17 வயதில், அவர் குறிபார்க்கும் துல்லியத்தைப் பார்த்துவிட்டு, ஏமாற்று மென்பொருள் இல்லாமல் இப்படி ஆட முடியாது என்றார்கள் எதிரணியினர். அவர் ஒளிப்பதிவு அறைக்குப் போய், கையும் திரையும் தெரியும்படி கேமரா வைத்து, எல்லோரும் பார்க்க ஆடிக்காட்டினார். ஒரு பையன் அதே துல்லியத்தோடு அடித்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவர் மட்டும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

2019 பிப்ரவரியில் ஷாங்காய்க்கு முதல் வெற்றி வந்தது. 2021-இல் அதே அணி லீக்கின் சாம்பியன். நாற்பது தோல்வியிலிருந்து கோப்பை வரை. 2023 பருவத்தோடு லீக்கே இல்லை. மூடிவிட்டார்கள். கோப்பை இருக்கிறது, அதற்கு அடுத்த வருடம் மோத ஓர் இடம் இல்லை.

*

அணி என்றால் என்ன? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் 2018-இன் ஓஜி.

டோட்டா 2 ஆட்டத்தின் ஆண்டுப் பெரும்போட்டி 'தி இன்டர்நேஷனல்'. அதற்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓஜியிலிருந்து இருவர் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் தலைவர் நோட்டெய்லின் நெடுநாள் நண்பர், அணியைச் சேர்ந்து தொடங்கியவர். மிச்சம் இருந்தவர்கள் டென்மார்க்கின் நோட்டெய்லும் பின்லாந்தின் ஜெராக்ஸும். பயிற்சியாளராக இருந்த பிரான்ஸின் செப் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒதுங்கியிருந்த ஆஸ்திரேலியாவின் அனா திரும்பி வந்தார். இத்தனை பெரிய மேடையே பார்த்திராத பின்லாந்து இளைஞர் டாப்சன் ஐந்தாவது ஆள். தகுதிச் சுற்றிலிருந்து ஏறிவந்தார்கள். பிரிந்துபோன நண்பரின் அணியை வழியில் எதிர்கொண்டு வென்றார்கள். வான்கூவரில் இறுதி ஆட்டம், சீனாவின் பிஎஸ்ஜி எல்ஜிடி எதிரே. 2-1 என்று பின்தங்கி, நான்காவது ஆட்டத்திலும் தோற்கும் நிலையிலிருந்து மீண்டு 3-2. பரிசு சுமார் 1.12 கோடி டாலர். அடுத்த ஆண்டு ஷாங்காயில் அதே ஐவர் மீண்டும் வென்றார்கள். இருமுறை வென்ற முதல் அணி அது.

இந்த ஆட்டங்களில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். முடிவெடுக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடி. தவறு செய்தவனைத் திட்டவும் அதே இரண்டு விநாடி ஆகும். திட்டினால் அடுத்த முடிவுக்கு நேரம் இல்லை. மன்னிப்பைப் பண்பாக மட்டும் நினைத்திருந்தேன். இங்கே அது உத்தியும் ஆகிறது.

*

2019 பிப்ரவரி. ஜப்பானின் ஃபுக்குவோக்கா. டெக்கன் 7 சண்டை ஆட்டத்தின் எவோ ஜப்பான் போட்டி. லாகூரிலிருந்து அர்ஸ்லான் சித்திக் என்ற இளைஞர் விசா, விமானத் தொல்லைகளையெல்லாம் கடந்து களைத்துப்போய் வந்து சேர்ந்தார். வென்றார். கொரியர்கள் கோலோச்சிய ஆட்டம் அது. அவர் பெயரை அதற்கு முன் வெளியே யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. வென்றபிறகு, எங்கள் ஊரில் என்னைப்போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் எவோ பட்டத்தையும் எடுத்தார். இறுதியில் எதிரே இருந்தவர் கொரியாவின் பெரும் ஆட்டக்காரர் பே ஜே மின். அந்த பே ஜே மின் லாகூருக்கே போய், அங்கிருந்த பையன்களோடு உட்கார்ந்து ஆடினார்.

லாகூரின் டோக்கன் போட்டு ஆடும் கடைகளில், உலகத்துக்குத் தெரியாமல், ஒருவரையொருவர் அடித்துத் தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் நினைவுக்கு வந்தான்.

*

பணம் பற்றி ஒரே ஒரு குறிப்பு. தி இன்டர்நேஷனல் 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியபோது முதல் பரிசு 10 லட்சம் டாலர். 2013 முதல், ரசிகர்கள் வாங்கும் மின்னூலின் விலையில் கால் பங்கு பரிசுத்தொகையில் சேர்ந்தது. 2021-இல் மொத்தப் பரிசு 4 கோடி டாலரைத் தொட்டது. 2023-இல் நிறுவனம் அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டது. பரிசு 30 லட்சம் டாலர் அளவுக்கு இறங்கியது. ஆட்டத்தின் தரம் இறங்கவில்லை. நிலக்காரர் மடையை மாற்றினார், அவ்வளவுதான். கீழ் வயல் காய்ந்தது.

*

நம் பக்கம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீங்கியது. 2023 மே மாதம் திரும்பியது. இதற்கு நடுவே, 2022 டிசம்பரில், பல்விளையாட்டுப் போட்டிகளின் அங்கமாக இ-ஸ்போர்ட்ஸை மத்திய அரசு ஏற்றுக்கொண்டு விளையாட்டுத் துறையின்கீழ் வைத்தது. விளையாட்டு என்று பெயர் கொடுத்த மாதத்தில், நாட்டில் மிக அதிகமானோர் ஆடிய ஆட்டங்களில் ஒன்று தடையில் இருந்தது.

நாட்டின் பாதுகாப்புக்கு அரசு சொல்லும் காரணங்கள் இருக்கலாம். ஆனால் மூன்று வருடத்தில் இருமுறை தொழில் காணாமல்போன ஒரு 19 வயதுக்காரனுக்கு, அடுத்த நாள் காலையில் எழுந்து எங்கே போவது என்று சொல்லவும் யாராவது இருந்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தையும் இ-ஸ்போர்ட்ஸையும் தனித்தனியாகப் பிரித்தது. இது நல்லது. தமிழ்நாட்டில் ரம்மி செயலிகளில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்த எந்தத் தாய்க்கும் பிள்ளை கையில் போனைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் மற்றதைப் பேச வேண்டும். போட்டி ஆட்டக்காரன் தன் கையை நம்பி உட்காருகிறான். சூதாடுபவன் சீட்டை நம்பி உட்காருகிறான்.

*

ஹாங்சோ ஆசிய விளையாட்டு, 2023. இ-ஸ்போர்ட்ஸுக்கு முதல்முறையாகப் பதக்கம் தந்தார்கள். ஸ்டிரீட் ஃபைட்டர் 5-இல் தங்கம் வாங்கியவர் கொரியாவின் கிம் குவான் வூ. வயது 44. இருபத்தைந்தில் ஓய்வு என்று பேசப்படும் துறையில் 44. சிறுவயதில் ஆர்கேட் கடைகளில் கற்ற கையோடு மேடை ஏறியவர்.

அவர் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

*

சியோலின் மாபோ உயர்நிலைப் பள்ளியில் ஒரே காலத்தில் படித்த, ஒரே வருடம் பிறந்த இரண்டு பேர்: ஃபேக்கரும் டெஃப்ட் என்னும் கிம் ஹ்யொக் கியூவும். ஒருவருக்கு மூன்று உலகக் கோப்பை கிடைத்தபோது மற்றவருக்கு ஒன்றும் இல்லை. 2022-இல் டெஃப்டின் டிஆர்எக்ஸ் அணி நுழைவுச் சுற்றிலிருந்து வந்தது. ஒரு தோல்விக்குப் பின் டெஃப்ட் கொடுத்த பேட்டிக்கு நிருபர் ஒருவர் தலைப்பு வைத்தார்: உடையாத மனம்தான் முக்கியம் என்ற பொருளில். டெஃப்டின் வாயிலிருந்து அதே சொற்களாக அது வரவில்லை. அவர் சொன்னதன் சாரத்தைக் கேட்டவர் பிடித்துக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோ இறுதியில் டிஆர்எக்ஸ், டி1-ஐ 3-2 என்று வென்றது. அடுத்த மாதம் கத்தாரில் கொரியக் கால்பந்து அணி போர்ச்சுகலை வென்றபோது, வீரர்கள் பிடித்திருந்த தேசியக் கொடியில் அதே வாசகம் எழுதியிருந்தது.

ஒரு கணினி அறையில் பிறந்த சொல் கால்பந்து மைதானத்துக்கு நடந்து போயிருக்கிறது. அதற்கு யாரிடமும் உரிமம் வாங்கவில்லை.

*

சான் பிரான்சிஸ்கோவில் தோற்ற அந்த இரவு, டி1-இன் கேரியா என்ற இளம் ஆட்டக்காரர் மேடையில் அழுதார். ஃபேக்கரும் ஒருமுறை அழுதிருக்கிறார். 2017, பெய்ஜிங்கின் பறவைக்கூடு மைதானம், 3-0 தோல்வி. எதிரணி கைகுலுக்க வந்தபோதும் மேசையில் கவிழ்ந்த தலையை நிமிர்த்த முடியவில்லை. அதன்பின் ஒரு வருடம் தகுதி பெறவில்லை. மறு வருடம் அரையிறுதியில் தோற்றார். அடுத்த வருடம் மறுபடியும் தகுதி பெறவில்லை. மீண்டும் அரையிறுதி. பிறகு அந்த சான் பிரான்சிஸ்கோ இரவு.

தோற்ற ஐவரையும் டி1 கலைக்கவில்லை. மறு வருடம் சியோலில் நான் ஒற்றை இயர்போனில் பார்த்தது அதே ஐந்து பேரைத்தான்.

*

கடைசிக் குறிப்பு. சென்ற மாதம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதெல்லாம் எத்தனை வருஷம் இருக்கும்? கம்பெனி நாளைக்கு மூடிட்டா, இவங்க கத்துக்கிட்டது எல்லாம் என்ன ஆகும்?"

வாயால் பதில் சொல்லாமல் ஒரு காணொளியைத் தேடிக் கொடுத்தேன். லீக்குகள் மூடியபிறகு பழைய ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் தங்கள் அறைகளிலிருந்தே ஆடி ஓர் இணையத் தளத்தில் ஒளிபரப்பினார்கள். பார்ப்பவர்கள் அனுப்பிய சிறு காணிக்கைகளில் வாழ்ந்தார்கள். 2016-இல் அந்த இணையத் தளத்தில் புதிதாக ஒரு லீக் முளைத்தது. கூட்டம் திரும்பியது. 2017-இல் பிளிஸார்ட் பழைய ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. வெளியீட்டு விழாவுக்கு உலகத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் குவாங்கல்லி கடற்கரை. ஜூலை 30. பட்டா வைத்திருந்தவர்களே தடத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மணலில் மறுபடியும் மேடை. முப்பதுகளில் இருந்த லிம்மும் ஹோங்கும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அவன் வெகுநேரம் பேசாமல் பார்த்தான்.

"ரொம்பப் பழைய ஆட்டம் மாமா" என்றான். கேமரா ஒரு விசைப்பலகையின்மேல் இறங்கியபோது போனை முகத்தருகே கொண்டுபோனான். "கை மட்டும் இன்னும் ஓடுது."